வெண்டல் என்மேல் எழுதிய மூன்று மஞ்சள் தாள்கள்

வெண்டல் தோஃப்டே என்மேல் முதல் புகாரை எழுதிக் கொடுத்த அன்று, அவர் மனைவிக்குக் கொடுப்பதற்காக நான் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் பறித்து வைத்திருந்தேன். பார்க் மேனேஜர் ரோண்டா என் கேரவன் கதவைத் தட்டி ஒரு மஞ்சள் தாளை நீட்டினாள்.

“படிச்சுப் பாருங்க நெல்டா. கோவப்படாம படிங்க.”

கோபப்படாமல் எப்படிப் படிப்பது? ‘முப்பத்தொன்பதாம் இடத்தில் நிற்கும் என் கேரவனின் தண்ணீர்க் குழாயை நாற்பதாம் இடத்துப் பெண்மணி வேண்டுமென்றே கழற்றிவிட்டார்’ என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். நாற்பதாம் இடத்துப் பெண்மணி நான்தான். பன்னிரண்டு குளிர்காலமாக அந்த மனிதருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது பத்தடி சரளைக்கல் மட்டும்தான். என் பெயரை எழுதக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

எங்கள் பார்க், குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வருகிறவர்கள் தங்கள் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம். அங்கே மஞ்சள் தாளுக்கு ஒரு விதி உண்டு. ஒரே ஆள்மேல் ஒரு குளிர்காலத்தில் மூன்று தாள் சேர்ந்துவிட்டால் கமிட்டி கூடும். கமிட்டி அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த வருஷம் இடம் கிடையாது. இடத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் எழுபது பேர். மற்றவர்களுக்கு இடம் போனாலும் வடக்கே வீடு இருக்கிறது. எனக்கு இல்லை. என் கணவர் ரே போனபிறகு மினசோட்டா வீட்டை விற்றுவிட்டேன். கோடை முழுக்கத் தங்கை வீட்டுப் பின்பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு, அவள் எப்போது முகம் சுளிப்பாளோ என்று உட்கார்ந்திருப்பேன். அக்டோபரில் அரிசோனா எல்லைக்குள் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும். நாற்பதாம் இடம் போனால் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வேறு மண் கிடையாது.

வெண்டலுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. வடக்கு டகோட்டாக்காரர். நாற்பது வருஷம் தானியக் கிடங்கு ஒன்றில் எடைமேடையைப் பார்த்துக்கொண்டவர். டிரைவர் இறங்காமல் லாரிக்குள்ளேயே பதுங்கியிருந்தால் அவன் எடையும் கோதுமையோடு சேரும். காய்ந்த கோதுமைக்கு அடியில் ஈரக் கோதுமை இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடிப்பதுதான் வேலை. வேலையை விட்டுப் பதினாலு வருஷம் ஆகியும் மனிதருக்கு அந்தக் கண் போகவில்லை. குதிரை லாடம் எறிந்து விளையாடும்போது யாருடைய லாடம் கம்பிக்குப் பக்கம் என்று அளக்கச் சட்டைப்பையில் டேப் வைத்திருப்பார். எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் பல் கட்டிக்கொள்ளப் போனால், போகும்போது ஒருதரம், திரும்பும்போது ஒருதரம் வாயிலிருக்கும் பல்லை எண்ணுவார். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் ஆளுக்கொரு பண்டம் சமைத்துக்கொண்டு ஹாலுக்கு வருவோம். யார் செய்தது என்று கேட்காமல் அவர் ஒரு கரண்டி எடுக்க மாட்டார்.

“நான்தான் செஞ்சேன் வெண்டல். விஷத்தை மட்டும் கடைசியா மேல தூவினேன்.”

“அப்ப அடியிலேர்ந்து எடுத்துக்கறேன்” என்பார், சிரிக்காமல்.

அந்த மாதிரிதான் பன்னிரண்டு வருஷமும் போயிற்று. அவர் மனைவி ஆர்டிஸ் அவருக்கு நேர் எதிர். முப்பது வருஷம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள். எதைச் சொன்னாலும் சிரிப்பாள், என் தோழி. ஏப்ரலில் ஊர் திரும்பும் நாளன்று அவளைப் பார்க்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஓட்டுவது ஆண் என்றால் வெளிவேலை பெண்ணுக்கு. தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும், மின்சார ஒயரைப் பிடுங்கிச் சுருட்ட வேண்டும், கழிவுக் குழாய்க்கு மூடி போட வேண்டும், படியை மடக்க வேண்டும். மற்றவர்கள் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் செய்வார்கள். அப்படியும் போன வருஷம் ஒருத்தி குழாயோடு வண்டியைக் கிளப்பவிட்டு, பார்க்கே நனைந்தது. ஆர்டிஸுக்குப் பட்டியல் கிடையாது. பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையுறையை உதறுவாள்.

முதல் தாளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ கிறுக்கு என்று விட்டேன். பத்து நாள் கழித்து இரண்டாவது தாள் வந்தது. இந்த முறை மின்சார ஒயர். யாரோ பிடுங்கிப்போட்டதில் அவர்கள் ஐஸ்பெட்டியில் இருந்த மீன் அத்தனையும் கெட்டுவிட்டதாம். அன்று வெள்ளிக்கிழமை. ஹாலில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது வெண்டல் உரக்கச் சொன்னார்.

“பக்கத்துல இருக்கறவங்களுக்கு நம்மமேல என்ன வயித்தெரிச்சலோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யோவ் வெண்டல், போன வாரம் நீங்க குடுத்த மீனைத் தின்னதுலேர்ந்துதான் எனக்கு வயிறு எரியுது.”

வேறு நாளாக இருந்தால் ஹாலே சிரித்திருக்கும். அன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆர்டிஸ் மட்டும் சிரித்தாள். வெண்டல் சட்டென்று அவள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பார்க்கே மாறிப்போயிற்று. மின்சாரப் பெட்டிகளில் பூட்டுத் தொங்கியது. தண்ணீர்க் குழாயை ஒயரால் கட்டிவைத்தார்கள். நான் நடந்துபோனால் நாற்காலிகளில் பேச்சு நின்றது. சீட்டாட்ட மேஜைக்குப் போனால், “ஆள் நிறைஞ்சுட்டாங்களே நெல்டா” என்றார்கள். மூன்றுபேர் ஆடிக்கொண்டிருந்த மேஜை அது. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். பின்னாலிருந்து எவன் எதை எறிந்தான் என்று கண்ணாடியில் பார்த்தே பிடிப்பேன். என்னைப் போய் எறிந்தவள் என்கிறார்கள். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

அப்போதுதான் நானும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். வெண்டலின் ஊர்க்காரர் ஒருவர் காத்திருப்பவர் பட்டியலில் மூன்றாவதாக இருந்தார். என் இடத்தில் நல்ல நிழல். பழைய கூட்டாளியைப் பக்கத்தில் கொண்டுவரத்தான் இந்த மனிதர் தானே கழற்றிவிட்டு என் தலையில் போடுகிறார் என்று முடிவுகட்டினேன். அதற்கு ஏற்றமாதிரி ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு ஹாலில் ஆண்களோடு காபி குடிக்கப் போகிறவர் அதை நிறுத்திவிட்டார். ஆர்டிஸிடம் ஏதாவது கேட்டால் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோனால் கதவைப் பாதி திறந்து, “அவ தூங்கறா” என்றார். உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ஒருநாள் அவர் குப்பை போடப் போயிருந்தபோது அவர்கள் வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் மறுபடி கழன்றிருந்தது. குறும்புக்காரன் என்றால் பிடுங்கி எறிந்திருப்பான். இது வட்டமாகச் சுருட்டி, உள்ளே மண் போகாமல் ஒரு முனையை இன்னொரு முனையில் திருகிவைத்திருந்தது. இது எடைமேடைக்காரர் கைவேலைதான், கெடுதலைக்கூட ஒழுங்காகச் செய்கிறார் என்று நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை மூன்றாவது தாள் வந்தது. நான் கழற்றியதைக் கண்ணால் பார்த்ததாக எழுதியிருந்தார்.

“சனிக்கிழமை கமிட்டி” என்றாள் ரோண்டா. “உங்க பக்கம் ஏதாவது சாட்சி இருந்தா கொண்டாங்க. வெறுமனே சத்தம் போட்டா வேலைக்காகாது.”

சாட்சிதானே என்று மறுநாள் ஐந்தரைக்கே திரையை விலக்கிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே நல்ல குளிர். ஆறு மணிக்கு வெளுத்தது. முப்பத்தொன்பதின் கதவு திறந்தது. வெளியே வந்தது வெண்டல் இல்லை, ஆர்டிஸ்.

இரவு உடைக்கு மேல் கோட்டு, கையில் வேலைக் கையுறை, ஷூ நாடா ஒழுங்காகக் கட்டியிருந்தாள். தன் வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக என் வண்டிக்கு வந்தாள். என் தண்ணீர்க் குழாயைத் திறமையாகக் கழற்றினாள், தண்ணீரை வடித்தாள், சுருட்டினாள், முனைகளைத் திருகினாள். என் விரல் தானாகவே போட்டோ எடுத்துவிட்டது. பிறகுதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

“ஆர்டிஸ், என்னம்மா பண்றே?”

நிமிர்ந்து அழகாகச் சிரித்தாள். “நெல்டா, நீ இன்னும் கிளம்பலியா? ரோட்டுல பனியெல்லாம் உருகிடுச்சாம். வெண்டல் வண்டிய ஸ்டார்ட் பண்ணிடுவாரு, ஒயர் மட்டும்தான் பாக்கி.”

அது ஜனவரி மாதம். ஊர் திரும்ப இன்னும் மூன்று மாதம் இருந்தது.

வெண்டல் வெறுங்காலோடு சரளைக்கல்லில் ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அவள் தோளைத் தொட்டார்.

“வேலையெல்லாம் முடிச்சிட்டியா? இன்னிக்குக் காத்து ஜாஸ்தியாம், வண்டி ஆடும். நாளைக்குக் கிளம்பலாம்.”

“அப்படியா, சரி” என்று கையுறையைக் கழற்றினாள். இலைகூட அசையவில்லை அன்று. அவளை உள்ளே கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கதவைப் பார்த்தபடியே நின்று பேசினார்.

“போட்டோ எடுத்திட்டியா?”

“எடுத்திட்டேன்.”

“எங்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் சண்டை போடு நெல்டா. அவளை விட்டுடு.”

“எத்தனை நாளா இப்படி?”

“மறதி நோய்னு செப்டம்பர்ல டாக்டர் சொன்னாரு. அவ அம்மாவுக்கும் இதேதான். அந்தம்மாகிட்ட ஊரே பச்சப்புள்ளைகிட்ட பேசற மாதிரி இழுத்து இழுத்துப் பேசும். சாப்…பிட்…டீங்…களான்னு. அவ தெனம் அதைப் பாத்து வளந்தவ. டாக்டர்கிட்டேர்ந்து வரும்போது கார்லயே என் கையைப் பிடிச்சுக்கிட்டா. என்கிட்ட யாரையும் அப்படிப் பேச விட்றாதே வெண்டல்னா. நான் சரின்னு சொல்லிட்டேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நான் காபிக்குப் போற நேரம் பாத்து இறங்கி வேலையப் பாத்துடறா. காபிய நிறுத்தினேன். அப்பவும் என் கண்ணு அசந்தா இறங்கிடறா. குழாய் கழண்டு கெடக்கறத நாலுபேர் பாத்தாச்சு. யாரோட வேலைன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. யாரையாவது சொல்லியாகணும்.”

“அதுக்கு நான்தான் கெடச்சேனா?”

“உன் பேரைச் சொன்னா ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உனக்குத்தான் மூக்குக்கு மேல கோவம் வருமே.”

கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். “எனக்கு வேற இடம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் எழுதினீங்களா?”

“தெரிஞ்சேதான்” என்றார். “சனிக்கிழமை நான் பாத்துக்கறேன். நீ அந்தப் போட்டோவை யாருக்கும் காட்டிடாதே.”

என்னத்தைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. அந்த மனிதரை நான் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. மூன்று தாள் எழுதியவருக்கு நாலாவது எழுதக் கை கூசுமா? நான் வாயைத் திறக்காமல் இருக்கவைத்து, சனிக்கிழமை என்னை ஒரேயடியாக முடித்துவிடுவார் என்றே நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஹாலில் ஆர்டிஸ் பியானோ வாசித்தாள். ஒரு கட்டைகூடத் தப்பவில்லை. நடுவில் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிச் சிரித்தாள். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், போட்டோவைக் காட்டுவது என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். அவள் தோழிதான். ஆனால் அடுத்த அக்டோபரில் நான் எங்கே போவேன்? அதை யோசித்தபோதெல்லாம் போனை எடுத்து, படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். ஆர்டிஸ் வரவில்லை. தைக்கிற பெண்கள் கூடும் அறையில் அவளை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தார் வெண்டல். ரோண்டா மூன்று தாளையும் வாசித்தாள்.

“நெல்டா, நீங்க என்ன சொல்றீங்க?”

எழுந்தேன். போனை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். படம் திறந்தே இருந்தது. வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் வெண்டல் எழுந்தார்.

“அந்தம்மா உக்காரட்டும். அவங்க எதுவும் செய்யல. நான்தான்.”

ரோண்டாவுக்குப் புரியவில்லை. “என்ன நீங்கதான்?”

“நான்தான் கழட்டறேன். கழட்டிட்டு மறந்துடறேன். ஊருக்குக் கிளம்பற நாள்னு தோணிடுது. நேத்து என் கோட்டுப்பையிலேயே குழாயோட வாஷர் இருந்துச்சு.” சட்டைப்பையில் கைவிட்டு அதை எடுத்துக் காட்டினார். “செப்டம்பர்லேர்ந்தே இப்படித்தான். சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்தப் பொம்பளமேல பழியப் போட்டுட்டேன். அந்தத் தாளையெல்லாம் கிழிச்சுப்போட்ருங்க.”

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். எனக்கு அப்போதே சந்தேகம்தான் என்றார் ஒருவர். கிறிஸ்துமஸில் ஒரே ஜோக்கை இரண்டுதரம் சொன்னாரே என்றார் இன்னொருவர். அந்த ஜோக்கை அவர் எல்லா வருஷமும் இரண்டுதரம்தான் சொல்வார். எல்லார்மேலும் சந்தேகப்பட்டுக்கொண்டே பார்க் முழுக்கச் சுற்றியவர் அந்த மனிதர். அவரே தன்மேல் சந்தேகப்படச் சொன்னதும் ஒரு நொடியில் நம்பிவிட்டார்கள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கையில் இருந்தது உண்மை. வெண்டல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இப்போது அதைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. என் இடம் எனக்குத் திரும்பிவிட்டது. நான் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

மறதி வந்தவர் முப்பத்தாறு அடி வண்டியை ஓட்ட முடியாது என்று ரோண்டா அன்றே சாவியை வாங்கிவைத்துக்கொண்டு, அவர்கள் மகன் கர்ட்டுக்குப் போன் போட்டாள். நாற்பது வருஷமாகப் பனியிலும் புயலிலும் வண்டி ஓட்டியவர், ஒரு கீறல் விழவிட்டதில்லை. சாவியைக் கொடுக்கும்போது வளையத்திலிருந்து தன் வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொள்ளப் போனார். “விடுங்க வெண்டல், நான் எடுத்துத் தரேன்” என்று அவள் குழந்தையிடம் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார்.

கர்ட் விமானத்தில் வந்து இறங்கினான். நல்ல பையன், ஐம்பது வயசு. அவர்கள் கிளம்பிய அன்று காலை, அவன் போனில் பட்டியலை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஆர்டிஸ் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கி, பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள்.

“அம்மாவைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்காங்க” என்றாள் ரோண்டா என் காதருகில். “அவங்க இருக்கறதால தப்பிச்சாரு.”

வழியனுப்ப முப்பதுபேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஜன்னலுக்கு வந்து வெண்டலிடம் கையை ஆட்டி, குரலை உயர்த்தி, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினார்கள். “வீட்…டுக்…குப் போ…றீங்க, வெண்டல்.” அவர் முன்சீட்டில், மகனுக்குப் பக்கத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் தலையாட்டினார். எடையில் ஒரு பிடி கோதுமை குறைந்தால் கண்டுபிடிக்கிற கண் அது. அதை எங்கேயோ மலைப்பக்கம் பார்க்க வைத்திருந்தார்.

ஆர்டிஸ் பின் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்மேல என்னென்னமோ எழுதிட்டாராமே. மனசுல வெச்சுக்காதே நெல்டா. பாவம், இவருக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல. நான் பாத்துக்கறேன். நீங்க யாரும் அவருகிட்ட வேகமா பேசாதீங்க, அவருக்குப் புரியாது.” பிறகு என் கையை அழுத்தினாள். “நீயும் ஒரு வார்த்தை சொல்லேன் அவருகிட்ட. மெதுவா சொல்லு.”

முன் ஜன்னலுக்குப் போனேன். பக்கத்தில் ரோண்டா, பின்னால் முப்பதுபேர், அந்தப் பக்கம் மகன், பின் ஜன்னலில் ஆர்டிஸ் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டல் திரும்பி என்னைப் பார்த்தார். அவரிடம் கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது, திட்ட இன்னும் ஆயிரம். எல்லாருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக இழுத்தேன்.

“சீட்…பெல்ட்… போட்…டுட்…டீங்…களா, வெண்டல்?”

“போட்டாச்சும்மா” என்றார், ஒரு சின்னப்பையனைப்போல.